தண்ணி ஊசி

உங்க கழுத்துல தொங்கற அட்டையைப் பாத்தனுங்க. ஆஸ்பத்திரிங்களா? ஆராய்ச்சிப் பிரிவுன்னு போட்டிருக்குது. அப்பச் சரி, நான் பல்லடத்துல பஸ்ஸை வுட்டு எறங்கற வரைக்கும் நீங்க காது குடுத்தே ஆகோணும். நான் சொல்லப் போறது உங்க ஆஸ்பத்திரி இல்லீங்க, வேற ஆஸ்பத்திரி. இருந்தாலும் ஆராய்ச்சி பண்றவங்கன்னா எல்லாரும் ஒரே கூட்டந்தானுங்களே.

உங்க கூட்டத்து மேல எனக்கு ஒரு வருத்தம். கோவம் இல்லீங்க, வருத்தம். கோவமா இருந்தா அன்னைக்கே அந்த ஆஸ்பத்திரி மெர்லின் டாக்டரம்மாகிட்ட மூஞ்சிக்கு நேராச் சொல்லியிருப்பன். சொன்னன், சொல்லாம என்ன. சொன்னதுக்கு அப்புறமும் மிச்சம் இருக்குது.

என்ர பேரு துளசிமணி. ஒண்டிப்புதூர்ப் பக்கம் மில்லு லைன் வூடுங்க இருக்குதுங்கல்ல, அந்த லைன் ஆரம்பிக்கற மொகனையில மாவுக்கடை வெச்சிருக்கறன். இட்லி மாவு. மூணு கிரைண்டர் ஓடுது. இருநூத்திச் சொச்சம் வூடு. யாரு வூட்ல இட்லி, யாரு வூட்ல தோசை, யாரு வூட்ல சண்டை போட்டுட்டு ஒண்ணுமே சுடலை, எல்லாம் எனக்குத் தெரியும். நானாக் கேக்கறதில்லீங்க. மாவு வாங்க வந்தா சொல்லீட்டுத்தான் போவாங்க.

எனக்கு ஒரு ஓரகத்தி இருக்கறா. பூவாத்தா. எங்க வூட்டுக்காரரோட தம்பி சம்சாரம். மில்லுல நூல் சுத்தற கோன் மிசின் ஓட்டறா. ஒரே வூட்டைக் குறுக்க செவுரு வெச்சுப் பிரிச்சு, தெக்குப் பாதி நாங்க, வடக்குப் பாதி அவுங்க. பிரிக்கறப்ப மொட்டை மாடிக்குப் போற படி அவ பக்கம் போயிருச்சுங்க. படி போனா மாடி போச்சு. மாடி போனா வத்தல் காயப் போட எடம் போச்சு. நான் ஒரு வார்த்தை சொன்னன். அவ திருப்பி ஒண்ணு சொல்லியிருந்தா அன்னைக்கே தீந்திருக்கும். ஒண்ணுமே சொல்லாம உள்ள போயிட்டா பாருங்க, அதைத்தான் என்னால பொறுக்க முடியல. பதினோரு வருசம் பேச்சு இல்ல. நான் சொன்ன வார்த்தை என்னன்னு கேக்காதீங்க. அது எதுக்கு இப்ப.

கொரோனா வந்த மொத வருசம். மில்லைச் சாத்தி, தொறந்து, மறுபடி சாத்தி, ஒரு வழியாக் கார்த்திகை மாசம் வந்துச்சு. அப்பத்தான் மெர்லின் டாக்டரம்மா எங்க லைனுக்கு வந்தாங்க. நாகர்கோவில் பக்கத்துப் பொண்ணு, முப்பது வயசு இருக்கும். "புதுசா ஒரு தடுப்பூசி வந்திருக்கு. அது வேலை செய்யுதான்னு பாக்கணும். விருப்பம் இருக்கறவங்க பேர் குடுக்கலாம், கட்டாயம் ஒண்ணும் இல்லை"ன்னு பொறுமையாச் சொன்னாங்க. சொல்லி முடிக்கறதுக்குள்ள லைன்ல பாதிக் கதவு சாத்தியாச்சு.

நாந்தான் மொதல்ல கை தூக்குனன். பூவாத்தா எனக்கு முன்னாலயே பேர் குடுத்துட்டான்னு எங்க வூட்டுக்காரர் சொல்லுவார். பேர் குடுக்கறது வேற, கை தூக்கறது வேற. அவகூட மில்லுல வேலை செஞ்ச புள்ள ஒண்ணு அந்த ஆடி மாசம் கொரோனாவுல செத்துப் போச்சாம், அதனால குடுத்தாளாம். எனக்கு அப்படிக் காரணமெல்லாம் ஒண்ணும் வேண்டாம். நல்லதுன்னா நான் முன்னால நிப்பன்.

டாக்டரம்மா எங்களை உக்கார வெச்சு வெளக்கமாச் சொன்னாங்க. பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணி. யாருக்கு எதுன்னு கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும். "ஊசி போடற நர்ஸுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது"ன்னாங்க. கையெழுத்துப் போடறதுக்குப் பதினேழு பக்கம் பாரம். ஒவ்வொரு பக்கமா வாசிச்சாங்க. நான் அஞ்சாவது பக்கத்துலயே தலையாட்டிட்டன். பூவாத்தா பதினேழு பக்கமும் கேட்டுட்டு, அதுக்கு மேல ரெண்டு கேள்வி வேற கேட்டா. எனக்குக் கடையில உளுந்து ஊறிட்டு இருக்குது, அவ கேள்வி கேக்கறா.

போன் நம்பர் கேட்டாங்க. அவகிட்டப் போன் இல்ல. இருக்கற ஒண்ணையும் கொழுந்தனார் லாரியில எடுத்துட்டு வடக்க போயிருவார். "அக்கா நம்பரையே போட்டுக்குங்க"ன்னு டாக்டரம்மாகிட்டச் சொன்னா. என்ரகிட்ட ஒரு வார்த்தை கேக்கல. நான் பெருந்தன்மையா வுட்டுட்டன்.

ஊசி போட ஆஸ்பத்திரிக்காரங்களே கார் அனுப்புனாங்க. ரெண்டு பேருக்கும் ஒரே கார். நான் டிரைவர்கிட்ட, "அந்தம்மா பக்கத்து ஜன்னலைச் சித்தெ எறக்கச் சொல்லுங்க, காத்து வரலை"ன்னன். அவ டிரைவர்கிட்ட, "அக்காவுக்குச் சளி புடிக்கும்னு சொல்லுங்க"ன்னா. சிங்காநல்லூர் தாண்டறதுக்குள்ள அந்த மனுசன், "நீங்க ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் என்ன வேணும்?"னு கேட்டார். "தெரிஞ்சவங்க"ன்னன்.

ஊசி போட்ட ஒடனே எனக்குத் தெரிஞ்சு போச்சுங்க. மருந்துதான். தோள்பட்டையில எறங்கி, முழங்கையில சித்தெ நின்னு, அப்புறம் விரல் வரைக்கும் வந்துச்சு. தண்ணின்னா அப்படி வருமா? வூட்டுக்குப் போறப்ப ஒரு நோட்டும் தெர்மாமீட்டரும் குடுத்து, ஏழு நாளைக்கு ஒடம்பு எப்படி இருக்குதுன்னு எழுதச் சொன்னாங்க. நான் மொத நாளே மூணு பக்கம் எழுதுனன். எடது கை வலி. வலது காலும் வலி. மாமியார் கனவுல வந்தாங்க. காய்ச்சல்னு எழுதலாம்னு பாத்தா தெர்மாமீட்டர் சாதாரணமாத்தான் காட்டுது. அந்தக் கண்ணாடிக் குச்சிக்கு என்ர ஒடம்பைப் பத்தி என்ன தெரியும்? கையில தொட்டா சுட்டுச்சு. அப்பத்தான் கிரைண்டர் மோட்டார் மேல கை வெச்சுட்டு வந்திருந்தன், அது வேற விசயம்.

பூவாத்தா என்ன பண்ணுனா தெரியுங்களா? ரெண்டு நாளு போர்வையைப் போத்தீட்டுப் படுத்துட்டா. வேலைக்குப் போகல. சமைக்கல. எங்க வூட்டுக்காரர் வாசல்ல இருக்கற குட்டைச் செவுத்துக்கு மேல எட்டிப் பாத்து, "அந்தப் புள்ள குளுர்ல நடுங்குது, ரசம் வெச்சுக் குடு துளசி"ன்னார். நான் சொன்னன், "தண்ணி ஊசி போட்டவளுக்கு என்னங்க நடுக்கம்? நான் நோட்டுல எழுதறதைப் பாத்து அவளும் பண்றா." ரசம் வெச்சுக் குடுத்தன், இல்லைங்கல. செவுத்து மேல வெச்சுட்டு வந்துட்டன்.

மார்கழியில ரெண்டாவது ஊசி. அதே கார், அதே டிரைவர். அவர் நாங்க ஏறறதுக்கு முன்னாலயே ஜன்னலைப் பாதி எறக்கி வெச்சிருந்தார்.

அதுக்கப்புறம் பாருங்க, லைன்ல என்ர மதிப்பே வேற. கவருமெண்டு ஊசி ஊருக்கு வந்துச்சு. ஆனா யாரும் போட மாட்டங்கறாங்க. ஒருத்தன் ஊசி போட்டா நெஞ்சு நின்னுரும்ங்கறான், இன்னொருத்தன் புள்ளை பொறக்காதுங்கறான். அம்பத்தெட்டு வயசுக்காரன் சொல்றானுங்க அதை. நான் கடையில நின்னுட்டு வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் கையை நீட்டிக் காமிப்பன். "இந்தா, ஆராய்ச்சி பண்றப்பவே போட்டுட்டு நிக்கறன். செத்தா போயிட்டன்?" அப்படியும் கேக்கலீன்னா கடைசியா ஒரு சட்டம் போட்டன். ஊசி போட்ட சீட்டைக் காட்டுனாத்தான் மாவு. சீட்டு இல்லீன்னா ரவா உப்புமா கிண்டித் தின்னுக்கோணும். மூணு நாளு உப்புமா தின்னுட்டு நாப்பது பேர் போய்ப் போட்டுட்டு வந்தாங்க. டாக்டரம்மாவே கேள்விப்பட்டு, "அப்படியெல்லாம் மிரட்டக் கூடாதும்மா, எடுத்துச் சொல்லிப் புரிய வைக்கணும்"ன்னாங்க. நான் எடுத்துச் சொல்லித்தான் மிரட்டறன்னன்.

எதுத்த வரிசையில குப்பண்ணன்னு ஒருத்தர். மில்லு வாட்ச்மேனா இருந்தவர், அறுவத்தாறு வயசு, வீசிங் வேற. அவரே எனக்காக மனசு மாறி முகாமுக்குப் பேர் குடுத்துட்டார். எல்லார்கிட்டயும் நான் ஒண்ணு மட்டும் சொல்லிருவன். "எனக்குப் போட்டது மருந்து. என்ர ஓரகத்திக்குத் தண்ணி. மூஞ்சியைப் பாத்தாலே தெரியும்."

சித்திரை மாசம் ஆஸ்பத்திரியில இருந்து போன். "அம்மா, நாப்பத்தஞ்சு வயசுக்கு மேல எல்லாருக்கும் இப்ப ஊசி வந்தாச்சு. அதனால உங்களுக்குப் போட்டது எதுன்னு பாத்துச் சொல்லிடறோம். தண்ணியா இருந்தா உடனே வந்து நிஜ ஊசியைப் போட்டுக்கலாம்."

கடையில எட்டுப் பேர் பாத்திரத்தோட நிக்கறாங்க. அவுங்க முன்னால, எனக்குப் போட்டது மருந்தா தண்ணியான்னு பாருங்கன்னு நான் எப்படிக் கேக்கறது? "எனக்குத் தேவையில்ல கண்ணு, என்ர ஒடம்பு எனக்குத் தெரியாதா"ன்னன். "பூவாத்தா அம்மாவுக்கு?"ன்னாங்க. "அவளுக்கு நான் சொல்லிடறன்." "கட்டாயம் சொல்லிடுங்க"ன்னாங்க. வெச்சுட்டன்.

சொல்லோணும்னுதாங்க இருந்தன். அன்னைக்குப் பாத்து கிரைண்டர் பெல்ட்டு அறுந்து போச்சு. அடுத்த நாளு முகாம். அதுக்கடுத்த நாளு அமாவாசை. பேச்சு வேற இல்ல, செவுத்தைப் பாத்தா சொல்ல முடியும்? ஆராய்ச்சியில இருக்கறவங்க ஆஸ்பத்திரியில கேக்காம வெளிய ஊசி போடக் கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க. அதனால அவ, "ஆஸ்பத்திரியில இருந்து போன் வந்துச்சுங்களா மாமா?"ன்னு எங்க வூட்டுக்காரர்கிட்டக் கேட்டுட்டே இருந்தாளாம். அவரும் என்னைக் கேட்டார். எனக்கு ஒரு நாளைக்கு வர்ற போனு கொஞ்சமா நஞ்சமா, எதைன்னு நெனப்புல வெக்கறது. உங்க ஆளுங்கதான் இன்னும் ரெண்டு தரம் கூப்பிட்டுச் சொல்லியிருக்கோணும். அதைத்தான் நான் வருத்தம்ங்கறது.

வைகாசியில ஒரு நாளு காத்தால மூடியைத் தொறந்து மாவை மோந்து பாத்தன். புளிச்ச வாசமே இல்ல. உளுந்துதான் மோசம்னு நெனச்சுட்டு அடுத்த குண்டாவைப் பாத்தன். அதுலயும் இல்ல. மூணாவதுலயும் இல்ல. எங்க வூட்டுக்காரர் வாசல்ல நின்னுட்டு, "இங்க வரைக்கும் புளிப்பு அடிக்குதே துளசி"ன்னார். 

டெஸ்ட் எடுத்துப் பாத்தா கொரோனா. அந்த நேரம் கோயமுத்தூர் எப்படி இருந்துச்சுன்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. ஆஸ்பத்திரி வாசல்ல ஆம்புலன்ஸு வரிசை கட்டி நிக்குது. படுக்கை இல்ல. விரல்ல மாட்டற கிளிப்பு தொண்ணூத்தி மூணு காட்டுச்சு. மெர்லின் டாக்டரம்மா போன்லயே, "தனி ரூம்ல இருங்க, குப்புறப் படுங்க, யாராவது நாலு மணி நேரத்துக்கு ஒருக்கா ஆக்சிஜன் பாத்து எனக்குச் சொல்லுங்க"ன்னாங்க. எங்க பாதியில இருக்கறது ஒரே ரூம்பு. எங்க வூட்டுக்காரர் சர்க்கரைக்காரர், ஊசியும் ஒண்ணுதான் போட்டிருந்தார். தனி ரூம்புன்னா மொட்டை மாடியில இருக்கறதுதான். அது யாரு பக்கம்னு உங்களுக்கே தெரியும்.

பூவாத்தா கேட்டைத் தொறந்து வெச்சுட்டு எட்டப் போய் நின்னுட்டா. பதினோரு வருசம் கழிச்சு அந்தப் படியில ஏறுனனுங்க. நாலு படிக்கு ஒருக்கா நின்னு நின்னு ஏறுனன். வீம்புக்கு நிக்கல, மூச்சு வாங்குச்சு.

மேல போய்ப் படுத்து அரை மணி நேரம் இருக்கும். கதவு தட்டற சத்தம். முகத்துல ரெண்டு மாஸ்க்கு, கையில கஞ்சிச் சொம்பு, பூவாத்தா நிக்கறா. நான் சொன்னன், "உள்ள வராத. உனக்குப் போட்டது தண்ணி."

"தெரியுங்க்கா. அஞ்சு மாசமா நீங்கதான லைன் பூராச் சொல்லிட்டு இருக்கறீங்க. தள்ளிப் படுங்க"ன்னா.

பதினோரு வருசத்துல அவ என்ரகிட்ட நேராப் பேசுன மொதப் பேச்சு அதுதானுங்க. தள்ளிப் படுங்க. மரியாதையைப் பாருங்க.

எதுக்கு வந்திருப்பா? நான் நெசமாவே படுத்துட்டனான்னு பாக்க வந்திருப்பா. ஒரு நாளைக்கு வந்து பாத்தாப் போதாதுங்களா? பதினாலு நாளும் வந்து பாத்தா. கஞ்சி ஊட்டறா. தலை சீவறா. நான் வாந்தி எடுத்த வட்டலைக் கழுவறா. எனக்கு வேண்டாம்னாலும் பொரட்டிக் குப்புறப் போடறா. கிளிப்பை மாட்டிப் பாத்து, எங்க வூட்டுக்காரர்கிட்டக் கீழ கத்துவா, அவர் டாக்டரம்மாவுக்குச் சொல்லுவார். மூணாம் வகுப்பு டீச்சராட்ட ஒரு அதிகாரம்.

எட்டாம் நாளு ஆக்சிஜன் எம்பத்தொம்போதுக்கு எறங்கிப் போச்சுங்க. மத்தியான வெயிலு, தகரக் கூரை. டாக்டரம்மா படுக்கை தேடிட்டே இருக்கறாங்க, எங்கயும் இல்ல. "கிடைக்கற வரைக்கும் குப்புறவே வெச்சிருங்க, தூங்க விடாதீங்க, அவங்களைப் பேச விடாதீங்க"ன்னாங்க. எனக்குத் தண்ணிக்குள்ள முங்குனாப்பல இருக்குது. பூவாத்தா கட்டலுக்குப் பக்கத்துல தரையில உக்காந்து என்ர முதுகைத் தேச்சுட்டே பேச ஆரம்பிச்சா. மூணு மணி நேரம் பேசுனா. படியை நடுவுல வெச்சு ரெண்டு பேருக்கும் பொதுவா வுடலாம்னு அவதான் மொதல்ல சொன்னாளாம். கொழுந்தனார் கேக்கலையாம். நான் அன்னைக்குச் சொன்ன வார்த்தைக்கு அவ சமையல்கட்டுல போய் அழுதாளாம். எனக்கு எப்படிங்க தெரியும்? நான் செவுத்துக்கு இந்தப் பக்கம் இருக்கறன். ஒரு வார்த்தை பதில் சொல்லலாம்னா வாயைத் தொறக்க முடியல. நான் பேச முடியாத நாளாப் பாத்துப் பேசுனா பாருங்க, கெட்டிக்காரி.

பொழுது சாய தொண்ணூத்தி ரெண்டு காட்டுச்சு. அடுத்த நாளு தொண்ணூத்தி நாலு. படுக்கை கெடைச்சப்ப எனக்குத் தேவைப்படல, வேற யாருக்கோ குடுத்துட்டாங்க.

எந்திரிச்சுக் கீழ வந்தா லைன்ல வேற கூத்து. "துளசிமணிக்கே வந்துருச்சு. ஆராய்ச்சி ஊசி போட்டவளே படுத்துட்டா, நமக்கு எதுக்கு?" ஒரு வாய் சொல்லி இன்னொரு வாய் சொல்லி லைன் முழுக்க அதே பேச்சு. பள்ளிக்கூடத்துல முகாம் போட்டு எம்பது பேருக்கு ஊசி கொண்டு வந்தாங்களாம், பதினோரு பேர்தான் போயிருக்கறாங்க. குப்பண்ணன் பேர் குடுத்த சீட்டை நாலா மடிச்சு என்ர கடைப் பலகையில வெச்சார். "தப்பா நெனைக்காத துளசிமணி. உன்னையப் பாத்துத்தான் போடலாம்னு இருந்தன். இப்ப உன்னையப் பாத்துத்தான் வேண்டாம்ங்கறன்"ன்னார். பேசறப்பவே வீசிங் இழுக்குது.

ஆனி மாசம் டாக்டரம்மா எங்க ரெண்டு பேரையும் வரச் சொன்னாங்க. கம்ப்யூட்டரைத் தொறந்து பாத்தாங்க. "துளசிமணி அம்மா, உங்களுக்குப் போட்டது உப்புத் தண்ணி. பூவாத்தா அம்மா, உங்களுக்கு மருந்து."

"பேர் மாறியிருக்கும், மறுபடி பாருங்க"ன்னன். பாத்தாங்க. நம்பரைப் பாருங்கன்னன். அதையும் பாத்தாங்க.

"அப்ப எனக்குக் கை வலிச்சுதே? மூணு பக்கம் எழுதியிருந்தனே?"

"சில பேருக்குத் தண்ணிக்கும் அப்படி இருக்கும்மா. மருந்து போட்டிருக்குன்னு மனசு நம்பினா உடம்பும் கூட ஆடும். நீங்க ஒண்ணும் பொய் எழுதலை." அப்புறம் அந்தப் புள்ள என்ர கையைப் புடிச்சுட்டுச் சொல்லுச்சு. "தண்ணி போட்டவங்கள்ல எத்தனை பேருக்கு நோய் வந்துச்சு, மருந்து போட்டவங்கள்ல எத்தனை பேருக்கு வந்துச்சுன்னு பாத்துத்தான் ஊசி வேலை செய்யுதுன்னு நாங்க சொல்ல முடியுது. நீங்க இல்லாம இந்த ஆராய்ச்சியே இல்லை." அது நாயம்தான். அந்த மருந்துல பாதி என்ரதுன்னுதான் இப்பவும் நான் சொல்லுவன்.

அதோட நிறுத்தியிருக்கலாம். அந்தப் புள்ள மேல சொல்லுச்சு. "ஏப்ரல்ல போன் பண்ணினப்பவே கேட்டிருந்தா நீங்க அப்பவே ஊசி போட்டிருக்கலாம்மா. பூவாத்தா அம்மாவுக்கும் அப்பவே தெரிஞ்சிருக்கும்."

பூவாத்தா என்னையப் பாத்தா. நான் மேல சுத்தற பேனைப் பாத்தன்.

வர்றப்பப் பஸ்ஸுல பக்கத்துப் பக்கத்துலதான் உக்காந்து வந்தோம்.  திட்டுவான்னு நானும் பதிலெல்லாம் தயாரா வெச்சிருந்தன். ராமநாதபுரம் தாண்டுச்சு, சிங்காநல்லூர் தாண்டுச்சு. எறங்கறப்பச் சொன்னா, "நான் ஒரு போன் வாங்கோணுங்க்கா."

எதுக்குன்னு எனக்கு இன்னும் வெளங்கலீங்க. என்ரதுதான் இருக்குதே.

ஆனா ஒண்ணு. என்ர தண்ணி விசயத்தை அவ யார்கிட்டயும் சொல்லல. நாலு நாளு பாத்தன், அஞ்சு நாளு பாத்தன். கடைக்கு வர்ற யாரு மூஞ்சியிலயும் அந்தச் சிரிப்பு இல்ல. அவ எடத்துல நான் இருந்திருந்தா கிரைண்டர் மேல ஏறி நின்னு சொல்லியிருப்பன். எங்க வூட்டுக்காரர்தான், "அவ சொல்ல மாட்டா. நீதான் சொல்லோணும்"ன்னார். "சொன்னா நாளைக்கு எவ என்ரகிட்ட மாவு வாங்க வருவா?"ன்னன். "மாவு நல்லாத்தான இருக்குது"ன்னுட்டுப் போயிட்டார்.

அந்த வாரம் பக்கத்து லைன்ல ரெண்டு சாவு. ஒருத்தர் குப்பண்ணன்கூட ராத்திரி வாட்ச் பாத்தவர். பாடியை லைனுக்குள்ள கொண்டு வரக் கூட இல்ல. குப்பண்ணன் வாசப்படியில உக்காந்து அந்தத் தெருவையே பாத்துட்டு இருந்தார். நான் கடையில இருந்து அவரைப் பாத்துட்டு இருந்தன். அவரு மூச்சு இழுக்கறது ரோட்டுக்கு இந்தப் பக்கம் வரைக்கும் கேக்குது. எனக்கு மாடி ரூம்பு நெனப்பு வந்துருச்சுங்க. நான் மூணு கிரைண்டரையும் நிறுத்தீட்டன். பண்டிகைக்குக் கூட நான் மூணையும் நிறுத்துனதில்ல. சத்தம் நின்னதும் லைனே எட்டிப் பாத்துச்சு.

பூவாத்தாளைக் கையைப் புடிச்சு இழுத்துட்டு வந்து கடைப் பலகையில உக்கார வெச்சன். "எல்லாரும் கேட்டுக்குங்க. எனக்குப் போட்டது தண்ணி"ன்னன். "கம்ப்யூட்டர்லயே இருக்குது. தண்ணி போட்ட நான் சாகக் கெடந்தன். இவளுக்குப் போட்டது மருந்து. இவ பதினாலு நாளு என்ர ரூம்புல இருந்தா. என்ர எச்சக் கஞ்சிச் சொம்பைக் கழுவுனா. நான் இருமுனதெல்லாம் இவ மூஞ்சி மேலதான் இருமுனன். இவளுக்கு ஒரு தும்மல் வந்துச்சான்னு நீங்களே கேளுங்க."

குப்பண்ணன் எந்திரிச்சு வந்தார். "ஏம்மிணி, உனக்கு ஏதாச்சும் வந்துச்சா?"

"இல்லீங்கண்ணா"ன்னா பூவாத்தா. "மாஸ்க்கும் போட்டிருந்தங்க." அதையும் விடாமச் சொல்லுவா, அவளுக்கு எல்லாம் சரியா இருக்கோணும்.

குப்பண்ணன் என்ர பக்கம் திரும்புனார். "அப்ப நீ கை வலி, கால் வலின்னு ஊரெல்லாம் சொன்னது?"

"அது என்ர சொந்த வலிங்கண்ணா"ன்னன். லைனே சிரிச்சுது. சிரிக்கட்டும்னு வுட்டுட்டன். அந்த லைன்ல ஆளுங்க சிரிச்சே ரெண்டு மாசம் ஆகியிருந்துச்சு.

அடுத்த முகாம்ல மத்தியானத்துக்குள்ள எம்பது ஊசியும் தீந்து போச்சுங்க. குப்பண்ணன்தான் மொதல்ல உக்காந்தார். நர்ஸுகிட்ட, "இது மருந்தா, துளசிமணிக்குப் போட்டதா?"ன்னு கேட்டுட்டுத்தான் கையை நீட்டுனார். இன்னமும் இருக்கறார், இன்னமும் அதே கேள்வியை என்னையப் பாத்தாக் கேக்கறார். பூவாத்தா அந்தப் புதுப் போனைக் கையில வெச்சுட்டு, வராதவங்களை ஒவ்வொருத்தராக் கூப்பிட்டுட்டு இருந்தா. நல்லாத்தான் பேசறா. இத்தனை நாளு எங்க வெச்சிருந்தாளோ.

எனக்கு அன்னைக்குப் போட முடியாதுன்னுட்டாங்க. நோய் வந்துட்டா மூணு மாசம் ஆகோணுமாம். புரட்டாசியில போய்ப் போட்டுட்டு வந்தன். நெசமான ஊசி. சாயங்காலம் போர்வையைப் போத்தீட்டுப் படுத்தவதான், நூத்தி ரெண்டு காய்ச்சல். இந்தத் தரம் தெர்மாமீட்டரே சொல்லுச்சு. பல்லு கிட்டிக்குது. நோட்டு இல்லீங்க, இருந்திருந்தாலும் ஒரு வரி எழுதியிருக்க முடியாது.

ரெண்டு நாளு கடையைச் சாத்தீரலாம்னு எங்க வூட்டுக்காரர் சொன்னார். பூவாத்தா மில்லுக்கு லீவு போட்டுட்டு வந்து அவளே அரிசி ஊற வெச்சு, அவளே ஆட்டி, அவளே வித்திருக்கறா. யாரைக் கேட்டான்னு தெரியல. ரெண்டாம் நாளு காத்தால அந்த மாவுல இட்லி சுட்டு, தட்டத்துல நாலு வெச்சு எடுத்துட்டு வந்தா. குடுத்துட்டுப் போகாம அங்கயே நிக்கறா. நான் ஒரு வாய் வெச்சன்.

உப்பு எச்சுங்க, நாக்குல கரிக்குது. சித்தெ எச்சு இல்ல, நல்லாவே எச்சு. இருவத்தி மூணு வருசமா மாவு ஆட்டறவ நான், எனக்குத் தெரியாதா. அந்த மாவைத்தான் லைன்ல இருநூறு வூட்டுக்கு வித்திருக்கறா.

"எப்படிங்க்கா இருக்குது?"ன்னா.

நான் நாலையும் தின்னுட்டு, இன்னும் ரெண்டு வெக்கச் சொன்னன்.